கம்பளி போர்த்திய பேட்டரி

என் மனைவி இளவரசி பட்டிமன்றப் பேச்சாளர். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை மேடையில் ஏற்றி மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். நான் சோறு வடிக்கப் போய்ப் பானையோடு சாக்கடையில் ஊற்றிய கதையைத் திருவதிகைத் திருவிழாவில் சொன்னாள். அடுத்த வாரம் நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருத்தர் என்னை நிறுத்தி, "இப்பல்லாம் சோறு யாரு வடிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் ஜென்மத்தில் சோறு வடித்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

பட்டிமன்றத்தின் வழக்கம் அப்படி. தலைப்பு மழைநீர் சேகரிப்பாக இருக்கட்டும், மாமியார் மருமகளாக இருக்கட்டும், பேசுகிறவர் தன் வீட்டை நடுவில் இழுத்தாக வேண்டும். "எங்க வீட்டுக்காரரு இன்னா செஞ்சாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தால்தான் ஜனம் நிமிர்ந்து உட்காரும். நியாயமாகப் பேசினால் மண்டபத்தில் பாதிப்பேர் காபி தேடிக் கிளம்பிவிடுவார்கள். அதனால் மேல்பட்டாம்பாக்கத்தில் வாய் திறக்காமல் குடித்தனம் பண்ணுகிற வைத்திலிங்கமாகிய நான், கடலூர் மாவட்டம் முழுக்க ஒரு கோமாளி. சிப்காட்டில் நான் பாய்லர் பார்க்கிற கம்பெனியில் சூப்பர்வைசர்கூட என்னைப் பார்த்தால் முதலில் சிரிப்பார், பிறகுதான் வேலையைச் சொல்வார்.

அவள் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் நிஜம். "எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா கை தானாப் போயி காதப் புடிச்சிக்கும்" என்பாள். அது உண்மை. சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அதை அவளைத் தவிர யாரும் கண்டுபிடித்ததில்லை.

நெல்லிக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை அவள். சனி, ஞாயிறுகளில் மேடை. பட்டுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே போய், மண்டபத்தில் மாற்றிக்கொண்டு, பேசி முடித்து, மறுபடி பழைய புடவையில் பஸ் ஏறுவாள். தொண்டை கட்டினால் மிளகை வாயில் அடக்கிக்கொள்வாள். அவளுடைய ஆசை எல்லாம் கைதட்டல்தான். அவள் அப்பா பெண்பிள்ளை சத்தமாகப் பேசக்கூடாது என்று வளர்த்தவர். அதற்கெல்லாம் சேர்த்துவைத்துப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே பையன், செந்தமிழ்செல்வன். பெயரைப் பார்த்தாலே யார் வைத்தது என்று தெரியும். வீட்டில் தமிழு. ராணுவத்தில் வண்டி மெக்கானிக். சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வான். என்னிடம் பேசுவது, "அப்பா நல்லா இருக்காரா?" என்று அவளிடம் கேட்பதோடு சரி. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். பக்கத்தில் நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். எனக்குப் பொறாமை இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நாற்பது டிகிரி வெயிலில் பாய்லர் முன்னால் நின்று படிக்கவைத்தவன் நான். அவன் கதை சொல்வது அவளிடம்.

போன வருஷம் அவனை வடக்கே மலைமேல் ஒரு சின்னக் குழுவில் போட்டார்கள். மின்சார வண்டிகளைப் பனியில் ஓட்டிச் சோதிக்கிற குழு. எந்த இடம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் பேச ஆரம்பித்தால் அவனுக்கு வாய் நிற்காது. அது அவளிடமிருந்து வந்த குணம்.

"பேட்டரிக்குக் குளிரு ஆவாதுமா. ராத்திரியெல்லாம் கம்பளி போத்தி வைக்கிறோம். அப்பவும் வெயில் ஏறுற வரைக்கும் வண்டி எழுந்துக்காது. எழுந்துட்டா அப்புறம் ராசா மாதிரி போவும். சத்தமே இல்ல."

"அய்யோ, கொழந்தைய மாதிரி இல்ல பாத்துக்கிறீங்க!"

"ஆமாமா. இது உனக்குள்ளயே இருக்கட்டும். வெளிய சொல்லிடாத."

"நான் யாருகிட்டடா சொல்லப்போறேன்?" என்றாள் இளவரசி, முருங்கைக்காயை நறுக்கியபடி.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்துச் சிதம்பரத்தில் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் ஒன்று நடந்தது. கீழவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பாதிப்பேர் புதிதாக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி, அது நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். அதையே பட்டிமன்றத் தலைப்பாக வைத்துவிட்டார்கள். 'ராணுவத்துக்கு மின்சார வண்டி கைகொடுக்குமா, காலை வாருமா?' நடுவர் திருநாவுக்கரசு, ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். கைகொடுக்கும் என்ற அணிக்கு இளவரசி. காலை வாரும் என்ற அணிக்குச் சுப்பிரமணியன், புவனகிரிக்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர்.

எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. துணைக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஓரத்தில் ஒரு யூடியூப் சானல்காரர் கேமரா வைத்திருந்தார்.

இளவரசி நன்றாகத்தான் தொடங்கினாள். "டீசல் வண்டிக்கு டீசல் யாரு கொண்டுபோறது? இன்னொரு டீசல் லாரி! எதிரி மொதல்ல குறி வைக்கிறது அந்த லாரியத்தான். மலையில வெயில் இருக்கு, காத்து இருக்கு. கரண்ட்ட அங்கியே எடுத்துக்கலாம்ல? சத்தம் இல்ல, பொகை இல்ல. இருட்டுல சூட்ட வெச்சிக் கண்டுபுடிக்கிற கேமரா வந்துடிச்சி. அதுல டீசல் இன்ஜின் எரியிற அடுப்பு மாதிரி தெரியும். எங்க வீட்டுக்காரரு பைக்க ஸ்டார்ட் பண்ணா நெல்லிக்குப்பம் வரைக்கும் நாயி கொலைக்கும். இவர உளவு பாக்க அனுப்ப முடியுமா?"

சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டிச் சிரித்தார். வழக்கம்தானே என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சுப்பிரமணியன் எழுந்தார். ஒல்லியான மனுஷன், குரல் மட்டும் லாரி ஹாரன்.

"அம்மா சொன்னதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. சண்ட நடக்கிற எடத்துல பிளக் பாயிண்ட் எவன் வெச்சிக்கினு இருப்பான்? 'அண்ணே, சார்ஜ் போட்டுக்கினு வரேன், அதுவரைக்கும் சுடாதீங்க'ன்னு எதிரிகிட்ட கேக்கறதா? நான் லாரி ஓட்டுன எடத்துல டீசலே கெட்டியாப் பூடும். டேங்குக்கு அடியில நெருப்புக் காட்டி எளக்குவோம். பேட்டரிக்கு அடியில நெருப்புக் காட்டிப் பாருங்க. வண்டி போவாது, நாமதான் போவோம்!"

மண்டபம் அதிர்ந்தது. எல்லாம் ராணுவத்திலிருந்து வந்தவர்கள், அவருடைய ஆட்கள். விசில் வேறு. நடுவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இளவரசியைப் பார்த்தேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தோற்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தோற்று நான் பார்த்ததில்லை.

நிறைவுச் சுற்றில் நடுவர் அவளுக்கு மறுபடி மைக்கைக் கொடுத்தார். "பேட்டரி குளுருல செத்துடுதேன்னு கேக்கிறாரு. இதுக்குப் பதில் சொல்லிட்டா நான் தீர்ப்பச் சொல்லிடறேன்" என்றார்.

அவள் எழுந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பிறகு முகம் மலர்ந்தது.

"எம் புள்ள..." என்று ஆரம்பித்தாள்.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையில் இல்லை.

"எம் புள்ள செந்தமிழ்செல்வன் அங்கதான் இருக்கான், மலைமேல, அந்த வண்டிங்களோட. அண்ணன் சொல்றாரு, பேட்டரி செத்துடும்னு. சாவாதுங்க. தூங்கும்! கொழந்தைக்குப் போத்துற மாதிரி ராத்திரியெல்லாம் கம்பளி போத்தி வெச்சிருக்கான் எம் புள்ள. வெயில் ஏறுற வரைக்கும் எழுந்துக்காது. எந்தக் கொழந்ததான் விடியறதுக்கு முன்னாடி எழுந்துக்குது? வெயில் ஏறினா எழுந்துக்கும். எழுந்துட்டா அதுக்கப்புறம் அத எவனாலயும் புடிக்க முடியாது!"

கைதட்டல் நிற்கவே இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். அத்தனை பேருக்கும் பிள்ளை இருக்கிறதல்லவா?

நான் சுப்பிரமணியனைப் பார்த்தேன். அந்த மனுஷன் தட்டவில்லை. முகம் சட்டென்று மாறிவிட்டது. பதில் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நடுவர் மைக்கை நீட்டினார். "விடியறதுக்கு முன்னாடி எதிரி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். மெக்கானிக் வேலை தெரியாத எனக்கே அந்தக் கேள்வி தோன்றியது. அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? அவர் மைக்கைத் தள்ளிவிட்டு, "அம்மா ஜெயிச்சிட்டாங்க, விடுங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்தார். 'ரோந்துக்கும் உளவுக்கும் மின்சாரம், சுமைக்கும் தூரத்துக்கும் டீசல், ஆனாலும் இன்றைக்குத் தராசு அம்மா பக்கம்' என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்.

சாப்பாட்டுப் பந்தியில் சுப்பிரமணியன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையில் கை வைக்கவில்லை.

"வீட்டம்மா சொன்னது நெசமா?"

என் கை காதுக்குப் போகப் பார்த்தது. நான் இலைமேல் குனிந்துகொண்டேன்.

"வீடியோவுல அந்த எடத்த வெட்டிடச் சொல்லுங்க. வண்டி எந்நேரத்துக்கு நகராதுன்னு பெத்தவளே மேடையில சொல்றதா? பையன் பேரு வேற சொல்லிட்டாங்க. அவன உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க சார்."

இலையை அப்படியே விட்டுவிட்டுக் கேமராக்காரரிடம் ஓடினேன். "நேரடி ஒளிபரப்பு சார். அப்பவே போயிடிச்சி" என்றார், வயரைச் சுருட்டிக்கொண்டே.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் பொன்னாடை. "கைதட்டலப் பாத்தியா மாமா?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பொன்னாடையை வெளியே வீசியிருப்பேன். சுப்பிரமணியன் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் அவள் சண்டைக்கு வந்தாள். "எவன் இத உட்காந்து பாக்கப்போறான்?" என்றாள். புதுச்சத்திரம் தாண்டும்போது பேச்சு நின்றது. ஆலப்பாக்கத்தில் பொன்னாடையை மடித்துப் பைக்கு அடியில் திணித்தாள். கடலூர் வரை அவள் திரும்பவே இல்லை.

எவன் பார்க்கப்போகிறான் என்று கேட்டாள் அல்லவா, எல்லாரும் பார்த்தார்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, 'எல்லை ரகசியத்தைப் போட்டு உடைத்த தாய்' என்று தலைப்பு வைத்து எவனோ போட்டுவிட்டான். அதில் இளவரசி வாயைத் திறந்தபடி இருக்கிற படம், பக்கத்தில் எரிகிற வண்டி. என் கம்பெனியில் கேன்டீனில் காட்டினார்கள். முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை. சானலுக்குப் போன் செய்து கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி கெஞ்சினேன். ஒருவழியாக அவர்கள் எடுத்தார்கள். அதற்குள் பத்துப் பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இளவரசி சமையல் மேடையில் போனை நிறுத்திவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிட்டால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றது. அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. பள்ளியில் லீவு சொல்லிவிட்டாள். சாப்பிடச் சொன்னால் தட்டை நகர்த்தினாள். "வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா மாமா? உள்ள போட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பாய்லரில் அழுத்தம் ஏறினால் எந்த வால்வைத் திறப்பது என்று தெரியும், அவ்வளவுதான். அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நெஞ்சு வரை இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண். தமிழ் பேசுகிற ஒரு மேஜர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, மரியாதையான குரல். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நேரடியாவே கேக்கேன். மேடையில நீங்க சொன்னத உங்க மகன் உங்ககிட்ட சொன்னாரா?"

இளவரசி கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லீங்க ஐயா. அவன் ஒண்ணுமே சொல்லல. நான்தான் கற்பனையா சொன்னேன். நாங்க மேடையில அப்டித்தாங்க. எங்க வீட்டுக்காரரப் பத்திக்கூட ஊர்ப்பட்ட பொய் சொல்லியிருக்கேன். சோறு வடிச்சாருன்னு சொல்லியிருக்கேன். எல்லாம் பொய்ங்க. என் வாயில வர்றது எல்லாமே பொய்ங்க ஐயா."

கைதட்டலுக்காகச் செய்ததை எல்லாம், அந்த ஒரு நிமிஷத்தில் முழுசாகக் குப்பையில் கொட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

"அம்மா, உங்க மகன் தான்தான் சொன்னேன்னு முதல் நாளே ஒத்துக்கிட்டாரு" என்றார் மேஜர். "இப்ப ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்லுதீங்க. அவரு உங்களக் காப்பாத்துதாரா, நீங்க அவரக் காப்பாத்துதீங்களா, அதான் எனக்குத் தெரியணும். உங்க கணவர் பக்கத்துல இருக்காரா?"

இளவரசி போனை என்னிடம் நீட்டினாள். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் சொன்னதே உண்மை என்று நான் சொல்ல வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியது. அப்படிச் சொன்னால் என் பையன் பொய்யன் ஆகிவிடுவான். செய்த தப்பை மறைக்காமல் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

"சார், நானும் அன்னிக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். "எம் பையன் சொன்னது நெசம். வெளிய சொல்லாதன்னும் சொன்னான். எம் பொண்டாட்டி புள்ளைக்காகச் சொல்றா. மன்னிச்சிடுங்க."

என் கை காதுக்குப் போகவில்லை. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேஜர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அவரு மறைச்சிருந்தா இன்னிக்கு இங்க இருந்திருக்க மாட்டாரு" என்றார். "தண்டனை உண்டு. அந்த வண்டிங்க பக்கம் இனி வர முடியாது. ஆனா வேலை இருக்கும்."

போனை வைத்ததும் இளவரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தண்டனை முடிந்து தமிழை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பழைய டீசல் லாரிகளுக்கு ஆயில் மாற்றுகிற பட்டறை. ஞாயிற்றுக்கிழமைப் போன் மறுபடி வர ஆரம்பித்தது. அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. அது வேறு கஷ்டம்.

"சாப்டியாடா?"

"சாப்டேன்மா. நீ?"

"அங்க குளிரா?"

"பரவால்லமா. வெச்சிடட்டா?"

அவ்வளவுதான். இளவரசி அதற்குப் பிறகும் காயை நறுக்கிக்கொண்டே இருப்பாள், ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லாமல். மேடைக்கு இப்போதும் போகிறாள். வீட்டை இழுப்பதில்லை, தலைப்பை மட்டும் பேசுகிறாள். ஜனம் காபிக்குப் போய்விடுகிறது. அழைப்பும் ஜாஸ்தி வருவதில்லை. சோறு வடித்த கதையையாவது சொல்லேன் என்று ஒரு நாள் நானே கேட்டேன். வேண்டாம் மாமா என்றாள்.

போன மாதம் சிப்காட் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது என் போன் அடித்தது. தமிழு. அவன் என்னை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"பா, நல்ல விஷயம்தான். ஒரு பொண்ணப் பாத்திருக்கேன். பேரு ரேகா. இங்க ஆஸ்பத்திரியில நர்ஸு. அவுங்க வீட்ல பேசற வரைக்கும் அம்மாவுக்குச் சொல்லாதீங்க."

"ஏண்டா? அவ எவ்ளோ சந்தோஷப்படுவா."

"அதாம்பா. சந்தோஷத்துல சொல்லிடுவாங்க."

எத்தனையோ வருஷமாக நான் ஏங்கிய போன் அது. என் பையன் என்னிடம் மனசு திறந்து பேசுகிறான். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, யாரோ வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

வீட்டில் இளவரசி சாப்பாடு எடுத்துவைத்தாள். "இன்னா மாமா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? தமிழு எதுனா போன் பண்ணானா?"

"இல்லியே" என்றேன். "அவன் எனக்கு எங்க பண்ணப்போறான்?"

அவள் என்னையே பார்த்தாள். முகத்தை அல்ல, கொஞ்சம் தள்ளி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் கை காதில் இருந்தது.

பட்டென்று கையை இறக்கினேன். அவள் கரண்டியை எடுத்தாள்.

"ரசம் ஊத்தட்டா மாமா?" என்று கேட்டாள்.